பேராசைக்கார டிரம்

"நைனா, நீ மட்டும் ஏன் எப்பவும் பின்னாடியே நிக்கிறே?" என்று தாண்டவராயனை அவன் மகள் ஒருமுறை கேட்டிருந்தாள். செங்கல்பட்டு கல்யாண பேண்டில் அவன் டிரம்; முன்னால் நிற்பவர் டிரம்பெட் ஜம்புலிங்கம்.

1974இல் மாமல்லபுரம் ஓட்டல் ஒன்று இருவரையும் வேலைக்குக் கூப்பிட்டது. மேனேஜர் கொடுத்த ஜாஸ் இசைத்தட்டை இரண்டு வாத்தியத்துக்கு மாற்றி வாசித்துக்காட்டினால்தான் வேலை.

"இந்த நீட்டு ஊதல் வேணாம் அண்ணாத்த. பாதியில நிறுத்து, மிச்சத்த நான் அடிக்கிறேன்."

"எல்லாத்தையும் நீயே முழுங்கிட்டா நான் இன்னாடா பண்றது?"

"பளபளன்னு டிரம்பெட்ட புடிச்சிகினு நில்லு. அதுவே ஷோக்கா கீது."

ஜம்புலிங்கம் முணுமுணுத்தபடி ஒப்புக்கொண்டார்.

வாசித்து முடித்ததும் மேனேஜர் சொன்னார்: "வேலை உங்களுக்குத்தான். ஆனா டிரம்காரரே, உமக்குப் பேராசை. அவரை ஊதவே விடலையே!"

"கை சும்மா இருக்க மாட்டேங்குது சார். மன்னிச்சுக்குங்க."

வெளியே வந்ததும் ஜம்புலிங்கம் சிரித்தார். "வாங்கிக் கட்டிக்கினியா? நல்லா வேணும்!"

தாண்டவராயனும் சிரித்தான்.

நீளமாக ஊதினால் தனக்கு மூச்சு இழுக்கிறது என்பது யாருக்கும் தெரியாது என்றே ஜம்புலிங்கம் நம்பியிருந்தார். முன்பு, தாண்டவராயனின் மனைவி இறந்த மாதத்தில், ஒரு கல்யாணத்தில் அவன் கை பாதியில் நின்றுபோனது. அன்று ஓங்கி ஊதி, யாருக்கும் தெரியாமல் அதை மறைத்தவர் ஜம்புலிங்கம். அந்தக் கடனைத்தான் தாண்டவராயன் இன்று ஏச்சு வாங்கி அடைத்தான்.