கேட் வரைக்கும்

சுடர்விழியின் பத்து விரல்களும் வானதியின் தோள்பையை இறுகப் பற்றியிருந்தன. ஒன்றைப் பிரித்தால் அடுத்தது வந்து ஒட்டிக்கொண்டது. ஒன்பது வயதுக் கைக்கு இவ்வளவு பலம் எங்கிருந்து வருகிறது என்று வானதிக்குப் புரியவில்லை.

“போவாதக்கா... போவாதக்கா...” அழுது அழுது குழந்தைக்குத் தொண்டை கட்டிவிட்டது.

கேட்டுக்கு வெளியே கார் நின்றது. டிரைவர் சித்தீக் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். “பாப்பா, மூணு மணிக்கு திருச்சி ஏர்போர்ட்ல இருக்கணும்னா இப்பவே கெளம்பணும். மூணாவது தடவ வர்றேன். இந்தக் கேட்டுல ரிவர்ஸ் எடுத்து எடுத்தே என் கிளட்ச்சு போச்சு.”

தரங்கம்பாடி சாலையில், சம்பா வயல்களுக்கு நடுவே இருந்தது அந்தக் கிறிஸ்தவக் குழந்தைகள் இல்லம். டென்மார்க்கில், கோபன்ஹேகனில் பிறந்து வளர்ந்த வானதி, அங்குள்ள ஒரு சபை மூலம் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கத் தொண்டராக வந்தாள். மூன்று மாதம் என்று பேச்சு. இது ஐந்தாவது மாதம்.

முதல் தடவை கிளம்பியபோது சுடர்விழி இதே இடத்தில் நின்று அழுதாள். வானதி டிக்கெட்டைத் தள்ளிப்போட்டாள். அங்கே கல்லூரி திறந்துவிட்டது. இரண்டாம் தடவையும் அதே கதை. அந்த செமஸ்டரே போய்விட்டது. இப்போது அப்பா பஞ்சநதம் அங்கே ஒரு ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். நாளை மறுநாள் காலை இதய ஆபரேஷன்.

அழுகை அந்தப் பிள்ளையின் உடம்புக்கும் ஆகவில்லை. இரண்டு தடவையும் மறுநாளே காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். போன மாதம் நான்கு நாள் கழித்துத் திரும்பியபோது உள்ளங்கை இரண்டும் மருதாணியில் சிவந்திருந்தன.

“ஆஸ்பத்திரில மருந்துக்குப் பதிலா மருதாணி வச்சாங்களா?” என்று வானதி கேலி செய்தாள்.

“பக்கத்துக் கட்டில் அத்தை வச்சாங்க” என்று சொல்லிவிட்டு, சுடர்விழி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

வார்டன் இசைவாணி படியிறங்கி வந்தார். “விடு கண்ணு, அக்கா போவட்டும்” என்றார். சொன்னாரே தவிர, குழந்தையைத் தொடவில்லை.

பிறகு வானதியிடம் திரும்பினார். “போன வருஷம் ஒரு ஜெர்மன்காரத் தம்பி கெளம்புனப்ப இவ மூணு நாளு சோத்துல கைய வைக்கல. கிறிஸ்துமஸுக்கு உங்க ஊரு சபைக்காரங்க பாக்க வர்றாங்க, அவங்க பாஷையில பேச நீங்க இருந்தா நல்லாருக்கும்னுதான் கேட்டேன். அது கெடக்கட்டும். நீங்க போங்க, நாங்க பாத்துக்குறோம்.”

யாரும் வானதியைப் பூட்டி வைக்கவில்லை. கேட் அகலத் திறந்து கிடந்தது. இருபதடி நடந்தால் கார். அந்த இருபதடியை இரண்டு மாதமாக அவளால் கடக்க முடியவில்லை.

போன் அடித்தது. அப்பா.

“கெளம்பிட்டியாம்மா?”

“கேட்டுலதான்பா நிக்கிறேன்.”

“அது யாரு அழுவுறது?”

“சுடர்விழிப்பா. சொல்லியிருக்கேன்ல? அவளுக்கு யாருமில்ல.”

பாபநாசத்தை விட்டுப் போய் முப்பது வருடமாகியும், அழுகிற பிள்ளையைத் தாண்டிப் போகத் தெரியாத மனிதர் அப்பா.

“ஆபரேஷன் பண்ணப்போறது டாக்டரு. நீ வந்து கத்தியப் புடிக்கப்போறியா?” சிரிக்கப் பார்த்தார், இருமல்தான் வந்தது. “தாயில்லாப் புள்ளைய அழவிட்டுட்டு நீ எம் பக்கத்துல வந்து உக்காந்தா எனக்கு நல்லாவா இருக்கும்? இருந்துட்டு வாம்மா.”

கடைசி வார்த்தையில் குரல் நடுங்கியது. பயப்படுகிறார். அம்மா போனபிறகு அவருக்கென்று இருப்பது இவள் ஒருத்திதான்.

வானதி குனிந்து பார்த்தாள். வீங்கிய இரண்டு கண்கள் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தன.

“சரிப்பா” என்று போனை வைத்தாள். பிறகு சித்தீக்கைப் பார்த்து, “அண்ணே, வண்டிய எடுத்துட்டுப் போங்க” என்றாள்.

“அடுத்த தடவ சைக்கிள்லதான் வருவேன்” என்று முணுமுணுத்தபடி அவர் காரைக் கிளப்பினார். இசைவாணி தன் அறைக்குத் திரும்பினார்.

பத்து விரல்களும் ஒரே நேரத்தில் விட்டன. சுடர்விழி முகத்தைக் கவுன் நுனியில் துடைத்துக்கொண்டு உள்ளே ஓடினாள்.

வானதி பெட்டியை இழுத்துக்கொண்டு நடையில் வந்தாள். ஆபரேஷன் முடிந்ததும் அப்பா கண் விழிக்கும்போது எதிரில் யார் இருப்பார்கள் என்று யோசித்தாள். ஒரு நர்ஸ் இருப்பாள். அவளுக்குத் தமிழ் தெரியாது.

வார்டன் அறைக் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே சுடர்விழியின் குரல் கேட்டது. வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோல் அவ்வளவு தெளிவாக இருந்தது.

“அக்கா போவல மிஸ். இந்தத் தடவ எங்கம்மாட்ட எத்தன நாளு விடுவீங்க?”