நிலாப் பொத்தான்

காலையிலிருந்து உயிரை வாங்கிய வாடிக்கையாளருக்காக, வெப் டெவலப்பர் வீட்டில் உட்கார்ந்து, இணையப் பக்கத்தை இருட்டாக்கும் நிலா வடிவப் பொத்தானை ஒருவழியாக எழுதி முடித்தான். உச்சிவெயில் நேரம். அமுக்கினான். பக்கம் கறுத்தது.

பால்கனியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த மனைவி கத்தினாள்: "என்னங்க, திடீர்னு இருட்டிடுச்சு!"

மறுபடி அமுக்கினான்.

"அட, வெயில் வந்துடுச்சு!"

இன்னொரு முறை அமுக்கினான். ஜன்னல் இருண்டது. இந்த வம்பே வேண்டாமென்று பொத்தானையே அழித்தான். பக்கம் கறுப்பிலேயே நின்றுவிட்டதை அப்புறம்தான் கவனித்தான். பதறிப்போய் அதே வரிகளைத் திரும்ப எழுதினான். பொத்தான் வந்தது, எத்தனை முறை அமுக்கியும் பக்கம் வெளுக்கவில்லை.

"மழை வராதுங்க, நட்சத்திரமெல்லாம் தெரியுது. துணி கிடக்கட்டுமா?"

அவன் கடைசியாக ஒருமுறை அமுக்கிப் பார்த்தான்.

"எடுத்துடும்மா. இனிமே காயாது."