முன்னால் வந்துபோன வேட்பாளர்

இந்தத் தெருவுக்கு நான் இதற்கு முன் வந்ததே இல்லையே என்று ஒலிண்டா நினைத்தாள். அமெரிக்கக் காங்கிரஸுக்கு ரோட் ஐலண்டின் முதல் தொகுதியில் நிற்கிறாள். சென்ற முறை சொற்ப வாக்குகளில் தோற்றாள். நாளை வாக்குப்பதிவு.

கதவைத் திறந்தவர்கள் எல்லோரும், "இப்பதானே வந்துட்டுப் போனீங்க?" என்றார்கள்.

"டிவியில கல்லு மாதிரி பேசுறீங்க, நேர்ல எவ்வளவு பாசம்! என் ஓட்டு உங்களுக்குத்தான்," என்றார் ஒரு படகுக்காரர். ஒலிண்டா மறுக்கவில்லை. கைகுலுக்கிவிட்டு நகர்ந்தாள்.

கடைசி வீட்டில் திருமதி பிராங்கோ வியந்தாள். "பின்வாசல் வழியா எப்பப் போனீங்க? உள்ள உங்க காபி ஆறுது."

அப்போது சமையலறையிலிருந்து ஒலிண்டாவின் குரலிலேயே ஒரு சிரிப்பு கேட்டது. அப்படிச் சிரித்து அவளுக்குப் பல வருடங்கள் ஆகியிருந்தன.

"உள்ள வாங்கம்மா," என்றாள் திருமதி பிராங்கோ.

"வேண்டாங்க," என்றாள் ஒலிண்டா மெதுவாக. "அவங்களே பேசி முடிக்கட்டும்."