சிரித்தால் திறக்கும்

சிரித்த முகத்துக்கு மட்டுமே திறக்கும் அலுவலகக் கதவு, அன்று அக்கவுண்ட்ஸ் அக்காவுக்கு மட்டும் திறக்கவில்லை. அலுவலக மெக்கானிக் வந்து, முகம் பார்க்கும் கதவுக் கேமராவைத் துடைத்துப் பார்த்தும் பயனில்லை.

"மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டா எப்படித் திறக்கும்?" உள்ளிருந்து கத்தினார் மேனேஜர். "இன்னைக்கு ஆப்சென்ட்தான்!"

"சிரிச்சுக்கிட்டுத்தானே சார் நிக்கிறாங்க!" எரிந்து விழுந்தான் மெக்கானிக். அவள் கண்கள்கூடச் சிரித்தன. "என்னக்கா விசேஷம்?"

"வேலையை விட்டுட்டேன் தம்பி. இன்னைக்குக் கடைசி நாள்."

அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. தினமும் உள்ளே நுழையும் முகங்களைப் பார்த்துத்தான் இந்த இயந்திரம் சிரிப்பைக் கற்றுக்கொண்டது. நிஜச் சிரிப்பை அது இங்கே பார்த்ததே இல்லை. அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அக்கா, மேனேஜரைப் பார்த்துத் தினமும் சிரிப்பீங்களே, அந்தச் சிரிப்பைச் சிரிங்க."

அவள் உதட்டை மட்டும் இழுத்தாள். கதவு திறந்தது.