திருப்பதி மொட்டை

ஆம்பூர்த் தெருக்குழாயடியில் மாலை வெயில் சாய்ந்து கிடக்கிறது. புற்றுநோய் மருந்தில் முடி கொட்டிய சௌந்தரம் குடத்தை நிரப்பிக்கொண்டிருக்கிறாள். அவள் திருப்பதியில் மொட்டை போட்டதாகத் தெருவெல்லாம் சொல்லிவைத்த கணவர் தனகோடி, வாசலில் விறைப்பாக நிற்கிறார். குடும்ப மானம் அந்தச் சொல்லில்தான் இருக்கிறதென்று நம்புகிறவர். "இன்னாக்கா, ஒரு லட்டுகூடக் கண்ணுல காட்டல?" என்று எதிர்வீட்டு ஜோதி சிரிக்கிறாள். தனகோடி தொண்டையைக் கனைக்கிறார். சௌந்தரம் அவரைப் பார்த்துவிட்டு, முந்தானையைத் தலையிலிருந்து இறக்கி முகம் துடைக்கிறாள். "திருப்பதிக்கு எங்கடி போனேன்? மார்ல கேன்சர். வேலூர்ல மருந்து ஏத்திக்கிறேன். நோவைவிட மறைக்கிறதுதான் ஜாஸ்தி பேஜாரா இருக்குது." குடம் நிரம்பி வழிகிறது. ஜோதி அதைத் தன் இடுப்பில் ஏற்றிக்கொள்கிறாள். சௌந்தரத்தின் மொட்டைத் தலையில் வெயில் படுகிறது. வெகுநாளைக்குப் பிறகு அவள் தோள்கள் தளர்ந்திருப்பதைத் தனகோடி பார்க்கிறார். வாசலைவிட்டு ஒதுங்குகிறார். "படி வழுக்கும், பாத்து வாம்மா" என்கிறார் ஜோதியிடம்.