மூன்றாவது தடம்

சந்திரிகாவின் கணவன் என் நோட்டைக் கையில் எடுத்துவிட்டான்.

பாண்டி பஜாரில் என் வளையல் கடைக்கு அவள் மாதாமாதம் வருவாள். அவன் கூட வந்தது இதுதான் முதல் தடவை. பொழுது போகாமல், முக்காலியில் கிடந்ததை எடுத்துப் புரட்ட ஆரம்பித்தான்.



நோட்டு முழுக்கக் கைகள். பதினெட்டு வருஷமாக அடுத்தவர் கையைப் பிடித்து வளையல் ஏற்றுகிறேன். எந்த முட்டி அடம்பிடிக்கும், எது வழுக்கிக்கொண்டு போகும் என்று என் விரலுக்கே தெரியும். கூட்டமில்லாத நேரத்தில் மனதில் நின்ற கையைப் பென்சிலில் வரைவேன். முகம் கிடையாது, பேர் கிடையாது. ஆனால் அச்சு அசல் அதே அளவு. வளையல்காரிக்கு அளவு தப்பாது.

சந்திரிகா ஒருத்தியைத்தான் எதிரில் உட்கார வைத்து வரைந்தேன். கடைசிப் பக்கத்தில் இருப்பது அவள் கை.

கல்யாணமானவள் கையை நாங்கள் வெறுமையாக விடமாட்டோம். பழசில் ஒன்றை விட்டுவைத்து, புதுசு ஏறிய பிறகுதான் அதைக் கழற்றுவோம். போன மாதம் அவள் வந்தபோது கையில் ஒன்றுகூட மிச்சமில்லை. மணிக்கட்டில் நான்கு விரல் தடம், கருநீலமாக.

"பஸ்ல வுழ இருந்தேன் அன்வரிக்கா, யாரோ புடிச்சாங்க. மூணாவது தடம் பாதியோட நிக்குது பாரு, அதையும் அப்படியே படத்துல போடு."

என் படத்தின் மேல் இவளுக்கு எவ்வளவு அக்கறை என்று பூரித்துப்போய் அதையும் வரைந்தேன். மடச்சி நான்.

அவன் பூக்காரியின் கையைத் தாண்டினான். பேங்க் மேடத்தின் கையைத் தாண்டினான்.

பெண்டாட்டி கையை எவளோ படம் போட்டு வைத்திருக்கிறாள் என்று தெருவைக் கூட்டினால் என்ன செய்வேன்? அதுதான் என் பயமெல்லாம். வளையல் வழுக்கி ஏறச் சோப்பு தடவியிருந்த கையைச் சந்திரிகா பின்னுக்கு இழுத்தாள். வளையல் இறுக்கமோ என்று நினைத்தேன்.

கடைசிப் பக்கம் வந்தது.

ஃபேன் காற்றில் தாள் படபடத்தது. நோட்டைக் கண்ணாடிப் பெட்டி மேல் வைத்து, வலது கையை விரித்துத் தாளை அழுத்தினான். நான்கு விரலும் நான்கு தடத்தின் மேல் போய் உட்கார்ந்தன.

அவனுடைய மோதிர விரல் பாதிதான் இருந்தது.

அவனும் பார்த்தான். நோட்டை மூடினான். கையைப் பேன்ட் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டான்.

"இன்னும் ரெண்டு டஜன் போட்டு வுடுங்க" என்றான், சிரித்துக்கொண்டே. "மணிக்கட்டு தெரியக் கூடாது."

சரி என்று தலையாட்டினேன். சந்திரிகா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒவ்வொன்றாக ஏற்றுகிறேன். இவ்வளவு மெதுவாக நான் வளையல் போட்டதே இல்லை.

கடைசி வளையல் ஏறும்வரைதான் அவள் என் கடையில் இருப்பாள்.