புதுக் குழாய்கள்

டாக்டரின் திரையில் மனைவியின் அடிவயிற்றுப் படம் வெளிச்சமாய் நிற்கிறது. சினைப்பைக் கட்டியைச் சுற்றி வேர்போல ரத்தக்குழாய்கள். "போன தடவை இவ்வளவு இல்லையே?" என்கிறார் குழாய் வேலை பார்க்கும் கணவர். "கீமோவுக்குக் கட்டி அடங்க மாட்டேங்குதுங்க. ரத்தத்துக்குப் புதுசு புதுசா குழாய் இழுத்துக்குது," என்கிறார் டாக்டர். "அதை அடைக்க மருந்து?" "குடுத்துப் பாத்தாச்சே. ஒண்ணை அடைச்சா வேற பக்கமா இழுக்குது." மனைவி கணவரைப் பார்த்து, "கூடவே இருந்து உங்க தொழிலைக் கத்துக்கிச்சு போல," என்கிறாள். சிரிப்பு அவள் உதட்டோடு நின்றுவிடுகிறது. தண்ணீர் பீறிடும் குழாயைப் பெருவிரலால் பொத்திக்கொண்டு, "மெயின் வால்வை மூடுங்க!" என்று கத்துவது அவர் வழக்கம். இப்போது எழுந்து, திரையில் கட்டிக்குள் நுழையும் தடித்த கோட்டின்மேல் பெருவிரலை அழுத்துகிறார். யாரைப் பார்த்துக் கத்துவதென்று தெரியவில்லை. விரலை எடுக்கவும் மனம் வரவில்லை.